கன்வர்ட்டர் மாற்றிய மறுநாள் காலை

அக்காவின் வண்டிக்குப் பாயத் தெரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் எங்கள் தெருவே சிரித்திருக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் அது பாட்டுக்கு ஊரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் யோசிக்கும், பிறகு போனால் போகிறது என்று கிளம்பும். அப்படிப்பட்ட வண்டி ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில், என் கண் முன்னால், மாமா மேல் பாய்ந்தது. ஓட்டியது அக்கா. மாமா அவள் புருஷன். அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் காலைதான் முதலில் வந்து நிற்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அக்கா தண்ணீர் லாரி ஓட்டுகிறவள். டேங்கர் அக்கா என்றால்தான் ஊரில் தெரியும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். தண்ணீர் நிரப்பும் நிலையத்தில் ஓஸ் குழாய் பிடிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். ஓஸைப் பிடித்துக்கொண்டே டிரைவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தக் கால் எப்போது எதை மிதிக்கிறது, கை எப்போது கியருக்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்தே பழகிவிட்டாள். ஒருநாள் டிரைவர் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தபோது, நிரப்பி நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு போய் நாலு தெருவுக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு வந்தாள். நிலையத்து ஆட்கள் திறந்த வாயை மூடவில்லை. மறுநாள் காய்ச்சல்காரர் வந்து, "என் சீட்டை யாரும்மா முன்னாடி இழுத்து வச்சது? முட்டி இடிக்குது" என்று கேட்டாராம். அப்போதிலிருந்து ஓட்டுகிறாள்.

பிறகு டேங்கர் ஏணியில் ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். இடது முழங்கால் போயிற்று. "கிளட்ச் மிதிக்கிற வேலையெல்லாம் இனி மறந்துடுங்கம்மா" என்றார் டாக்டர். அக்கா அழுவாள் என்று நான் கைக்குட்டையைக் கையில் வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "வலது காலுக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

அதற்குப் பிறகு ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். யாரையும் திட்டவில்லை, யாரோடும் சண்டையில்லை. சமைத்தாள், பெருக்கினாள், துணி மடித்தாள். லாரி ஏதாவது தெருமுனையில் போனால் கையில் இருப்பதை அப்படியே நிறுத்திவிடுவாள். "மூணாவதுல போறான். ரெண்டுக்கு இறக்கணும்" என்பாள் சுவரைப் பார்த்து. அவ்வளவுதான் அன்றைக்கு அவள் பேசுகிற பேச்சு. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மறந்துவிடுவாள். உடம்பு இருந்தது, ஆள் இல்லை.

நகராட்சியில் பழைய குப்பை லாரிகளை ஏலம் விடுகிறார்கள் என்று மாமாதான் கேட்டுக்கொண்டு வந்தார். கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகள். ஒன்றை எடுத்து, குப்பைப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீர் டேங்க்கை ஏற்றினார்கள். முதல் மழை வரைக்கும் அதில் குப்பை நாற்றம் போகவில்லை. அக்காவுக்கு அந்த நாற்றம் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முதல்நாள் வண்டியை ஓட்டிவிட்டு வந்து, கையைக்கூடக் கழுவாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்தவள் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டாள். நான் அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

நானும் அவளோடு போகத் தொடங்கினேன். அவள் ஓட்டுவாள், நான் ஓஸைப் பிடிப்பேன், வால்வைத் திறப்பேன். வீட்டுக்காரர்களிடம் பேசுவதெல்லாம் அவள்தான். என் குரலைத் தெருவில் பலர் கேட்டதே இல்லை.

மாமாவுக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. ராத்திரி முழுக்க ரொட்டி சுட்டுவிட்டு விடியும்போது வீட்டுக்கு வருவார். அதே நேரத்தில் அக்கா கிளம்புவாள். இரண்டு பேரும் முழித்துக்கொண்டு எதிர் எதிரே நிற்கிற நேரம் அது ஒன்றுதான்.

எங்கள் வாசல் குறுகல். இரண்டு செங்கல் தூண்கள், நடுவில் இரும்புக் கதவு. வண்டி அதற்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் ஒரு கை நுழையாது. வாசலுக்கு வெளியே ஒரு சின்ன சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் கிடங்கின் சுவர். அதனால் வண்டி வெளியே வரும்போது மாமா அதற்கு முன்னால் நின்றுகொள்வார். வண்டியின் முகப்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "வா, வா" என்பார். அக்கா பிரேக்கிலிருந்து காலை எடுப்பாள். வண்டி தானாக ஊரும். மாமா பின்பக்கமாகவே நடப்பார், ஒரு கை வண்டி மேல், இன்னொரு கை இடம் வலம் காட்டும். வண்டியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது மாதிரி இருக்கும் பார்ப்பதற்கு.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் பேசுவது கேட்கும்.

"முகத்துல மாவு. துடைக்கக் கூடவா தெரியல?"

"நீ ரோட்டைப் பாரு, என் மூஞ்சியைப் பார்க்காதே."

"ரோட்டை மறைச்சுக்கிட்டு நிக்கிறது உங்க மூஞ்சிதானே."

"அப்ப நல்லாப் பாத்துக்க. அழகான ரோடு."

அவ்வளவுதான். வண்டி சந்தில் திரும்பியதும் அவர் தூங்கப் போவார், நாங்கள் தண்ணீருக்குப் போவோம். வாசலில் ஒரு கேமரா வைக்கலாம், தூணை இடித்துவிடலாம் என்று மேல்மாடியில் குடியிருக்கும் அம்மா பலமுறை சொன்னார். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வண்டியில் ஒரே ஒரு குறை, மேடு. தண்ணீர் நிலையத்திலிருந்து வரும் சாலை பெரிய ரோட்டில் சேரும் இடம் நல்ல ஏற்றம். நிறைந்த டேங்க்கோடு அங்கே நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், இடைவெளி கிடைத்தால் எடுக்க வேண்டும். அக்கா பெடலைத் தரைவரை மிதிப்பாள். இஞ்சின் முனகும். வண்டி யோசிக்கும். அதற்குள் இடைவெளி போய்விடும். பின்னால் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்குவார்கள். ஒரு பஸ் டிரைவர் தினமும் எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வார். ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, பயணிகளை இறக்கித் தள்ளச் சொல்லட்டுமா?" என்பார். அக்காவும் தலையை நீட்டி, "தள்ளுறவங்களுக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்துடுவீங்களா?" என்பாள்.

சிரிப்பெல்லாம் ஒருநாள் நின்றது. நல்ல இடைவெளி பார்த்துத்தான் அக்கா எடுத்தாள். வண்டி பாதி ரோட்டில் யோசித்துக்கொண்டு நின்றது. ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று வலது பக்கமிருந்து வந்தது. வந்தது என்பதைவிட, கண்ணாடி முழுக்க அதுதான் இருந்தது என்று சொல்ல வேண்டும். அவன் எப்படித் திருப்பினானோ தெரியவில்லை. எங்கள் பக்கக் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனான். வயரில் தொங்கிய கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தோம்.

மாமா அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணு வண்டியைச் சரி பண்ணு. இல்ல, ஓட்டுறதை விட்டுடு. நான் ரொட்டி சுட்டு மூணு பேருக்கும் சோறு போடுறேன்."

"ரொட்டி சுட்டா ரொட்டிதான் போட முடியும். சோறு எங்கிருந்து வரும்?" என்றாள் அக்கா. காலியான டீ கிளாஸை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள்.

ஓட்டுவதை விட்டால் அவள் என்ன ஆவாள் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் ஒரு வருஷம் அதைப் பார்த்தவர்கள்.

அதனால்தான் மறுநாளே 'ஆட்டோமேட்டிக்'கிடம் போனோம். அவர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற மெக்கானிக். ஊரில் அவருக்கு அதுவே பேராகிவிட்டது. அவர் மனைவிகூட போனில் "ஆட்டோமேட்டிக் வீட்டுலதாங்க பேசுறேன்" என்பார். ஒல்லியான ஆள், சிரித்த முகம், திறந்த மைதானத்தில் ஒரு தகரக் கூரை, அதுதான் பட்டறை.

வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அவர் ஒரு மேசை விசிறியைக் காட்டினார். "அக்கா, ரெண்டு விசிறியை எதிரெதிரா வச்சு ஒண்ணை மட்டும் போட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்ல? உங்க வண்டியில இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல அப்படித்தான் ஒரு சாமான் இருக்கு. காத்துக்குப் பதிலா ஆயில். டார்க் கன்வர்ட்டர்னு பேரு."

"அது கெட்டுப் போச்சா?"

"கெடல. அது குப்பை வண்டிக்குன்னு போட்டது. வீட்டுக்கு வீடு நிக்கணும், ஊர்ந்து ஊர்ந்து போகணும். அதனால இஞ்சின் மெதுவாச் சுத்தும்போதே பிடிச்சுக்கும். மேட்டுல நீங்க மிதிக்கிறப்போ இஞ்சினுக்குப் பலம் வர்றதுக்கு முன்னாடியே அது பிடிச்சு அமுக்கிடுது. உங்களுக்கு வேற கன்வர்ட்டர் வேணும். இஞ்சினை நல்லாச் சுத்தவிட்டு, பலம் வந்தப்புறம் லபக்குன்னு பிடிக்கிறது."

"லபக்குன்னா?"

"மேட்டுல நிறைஞ்ச டேங்கோட எடுத்தீங்கன்னா பஸ்காரன் உங்க பின்பக்கத்தைத் தேடணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இது எங்களுக்குள் பழக்கம். முடிவெடுப்பது அவள்தான், ஆனால் என் தலை ஆடியதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

கியர்பாக்ஸைக் கீழே இறக்கி, பழைய கன்வர்ட்டரை எடுத்துத் தரையில் வைத்தார். இரண்டு இரும்புச் சட்டிகளை வாயோடு வாய் ஒட்டிய மாதிரி, பூசணிக்காய் போல உப்பலாக இருந்தது. புதியது அதைவிடச் சின்னது. இவ்வளவு சின்னதா அவ்வளவு பெரிய வண்டியை இழுக்கப் போகிறது என்று எனக்கு ஆச்சரியம். அதற்குள் ஆயிலை ஊற்றி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல மெதுவாகத் திருப்பித் திருப்பி உள்ளே உட்கார வைத்தார். ஆயில் அதிகமாகச் சூடாகும் என்று அதைக் குளிர வைக்க ஒரு சின்ன ரேடியேட்டரையும் முன்னால் பூட்டினார். சூடு பற்றித்தான் அத்தனை எச்சரிக்கையும் சொன்னார். தீய்ந்த வாடை வந்தால் நிறுத்துங்கள், ஆயில் நிறம் கறுத்தால் வாருங்கள் என்றார். அக்கா எல்லாவற்றையும் வாய்க்குள் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

பிறகு அவரையும் ஏற்றி, டேங்க்கை நிரப்பிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். அக்கா வழக்கம்போலப் பெடலைத் தரைவரை மிதித்தாள். இஞ்சின் சத்தம் மேலே ஏறியது. அடுத்த நொடி என் முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு வண்டி மேட்டைத் தாண்டிப் பெரிய ரோட்டில் நின்றது. அக்கா, "அடி ஆத்தீ!" என்று கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டோமேட்டிக் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டுவிட்டேன். அந்த நாளில் நான் பேசியது அது ஒன்றுதான்.

தண்ணீரை இறக்கிய பிறகு, ஆயில் சூட்டைப் பார்க்கவென்று காலி வண்டியை ஆட்டோமேட்டிக்கே ஓட்டினார். மாலை வீட்டுக்கு வந்தபோது மாமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அக்கா சந்திலேயே இறங்கி, நொண்டிக்கொண்டே ஓடினாள், சொல்வதற்கு. ஆட்டோமேட்டிக்தான் வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விட்டார். அவர் கால் பழகிய கால். தொட்டும் தொடாமலும் மிதித்து விட்டுவிட்டார். இதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை. மாமா வந்தார், கையில் ரொட்டிப் பொட்டலம், காதோரம் மாவு. பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். அக்கா இஞ்சினைப் போட்டாள்.

மாமா தட்டினார். "வா, வா."

அக்கா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி வரவில்லை.

மாமா மறுபடியும் தட்டினார். "என்ன, புதுப் பொண்ணுக்கு வெட்கமா?"

"பிரேக்கை எடுத்துட்டேங்க. நகர மாட்டேங்குது."

"சக்கரத்துல கட்டை இருக்கா பாரு" என்று மாமா என்னைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். கட்டையை நான் முன்பே எடுத்துச் சுவரோரம் வைத்திருந்தேன்.

"அப்பக் கொஞ்சம் மிதி" என்றார் மாமா.

அக்கா மிதித்தாள். அவள் காலுக்குத் தெரிந்த மிதி ஒன்றுதான். யோசிக்கிற வண்டியை எழுப்புகிற மிதி. டேங்க்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

சத்தம்தான் முதலில் வந்தது. மேட்டில் கேட்ட அதே சத்தம். அதை இங்கே, எங்கள் வாசலில் கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய அதே நேரத்தில் வண்டி என்னைத் தாண்டிவிட்டது. மாமாவின் கை வண்டி மேல் இருந்தது. அந்தக் கையோடு அவர் பின்னால் போனார், கதவின் சக்கரம் ஓடுகிற தண்டவாளத்தில் குதிகால் தட்டியது, மல்லாக்க விழுந்தார். கண்ணாடிக்கு முன்னால் இருந்த முகம் இல்லை. அவர் கால்கள் வண்டிக்குக் கீழே போயின. இடுப்பு போயிற்று.

யாரோ "அக்கா" என்று அலறினார்கள்.

வண்டி குலுங்கி நின்றது.

பிறகு சந்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். குனிந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்தது, கழுத்து வளையவில்லை. பம்பருக்கு வெளியே மாமாவின் தலையும் தோளும் இருந்தன. கண்கள் திறந்திருந்தன. அசையவில்லை. நான் அந்தக் கண்களையே பார்த்தேன். கண்ணில் மாவு விழுந்திருக்க வேண்டும், ஒரு கண் சிமிட்டியது.

"இந்தா" என்றார் மாமா, மிகவும் மெதுவாக, வண்டியிடம் பேசுவது மாதிரி. "எடுக்காதே. நான் கீழ இருக்கேன்."

முழங்கையை ஊன்றி ஊன்றி வெளியே வந்தார். முதுகில் சட்டை கிழிந்து தோல் வழன்றிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. அது முன்சக்கரத்துக்கு அடியில், பாதி வெளியே தெரிந்தது. கால் இருந்த இடத்துக்கும் சக்கரம் நிற்கிற இடத்துக்கும் நடுவே இருந்தது அந்தச் செருப்பு மட்டும்தான். நான் அதைப் பார்த்தேன். அவர் காலைப் பார்த்தேன். மறுபடி செருப்பைப் பார்த்தேன். அவர் என்னிடம், "ஏய், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். அவருக்குப் பல் தந்தியடித்தது.

அக்கா இறங்கவில்லை. மாமா வண்டிக் கதவைத் திறந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தும் அவள் முகம் மாறவில்லை.

"அவளுக்கு எங்க அடி?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

"தங்கச்சிக்கு. கத்துனாளே. சக்கரத்துல மாட்டிக்கிட்டாளா?"

எங்கள் இருவருக்கும் அப்போதுதான் புரிந்தது. அவள் பிரேக்கை மிதித்தது மாமாவுக்காக அல்ல. அவர் விழுந்தது அவள் மண்டைக்குள் இன்னும் போய்ச் சேரவே இல்லை. பிறந்ததிலிருந்து நான் கத்தி அவள் கேட்டதில்லை. நான் கத்துகிறேன் என்றால் சாகிறேன் என்றுதான் அவள் கால் நினைத்தது.

அந்தக் கால் பிரேக்கிலேயே இருந்தது. "எடும்மா" என்றார் மாமா. வரவில்லை. அவர் கையை நீட்டிக் கியரைத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இஞ்சினை நிறுத்தினார். பிறகு குனிந்து, அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துப் பெடலிலிருந்து தூக்கிக் கீழே வைத்தார். அப்போது அவர் முதுகு அவளுக்குத் தெரிந்தது. கிழிந்த சட்டையும் ரத்தமும். அக்கா வாயைத் திறந்தாள், மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. பார்க்கவே பயமாக இருந்தது. மாமா அவள் முதுகில் ஓங்கி ஒன்று போட்ட பிறகுதான் அழுகை வந்தது.

தெரு கூடிவிட்டது. மேல்மாடி அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார்.

"யாரு அப்படிக் கத்துனது? என் குலையே நடுங்கிப் போச்சு!"

மாமா என்னைக் காட்டினார்.

"இவளா? சும்மா இருங்க. இந்தப் பொண்ணுக்குக் குரல் இருக்கா?"

என் தொண்டை எரிந்துகொண்டிருந்தது. பதில் சொல்லப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. "பாத்தீங்களா" என்றார் அவர், தான் சொன்னதே சரி என்பது போல.

சேதி போய், ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் வந்தார். நடந்ததை மாமா சொன்னார். பாதியிலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது. போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"இதுல பிரேக்கை எடுத்தா ஊராது அண்ணே. ஊர்ற குணத்தை எடுத்துட்டுத்தான் பாயிற குணத்தைக் குடுத்திருக்கோம். காலி வண்டி வேற." தலையில் கையை வைத்துக்கொண்டார். "நான் மேட்டை மட்டும் பார்த்தேனே. வாசலைப் பார்க்கலையே. ஒரு ஆளு வண்டிக்கு முன்னாடி நின்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியுமே" என்றாள் அக்கா. "நாங்க சொல்லலையே."

"பழசையே மாட்டித் தந்துடுறேன் அக்கா. இன்னைக்கே."

"வேண்டாம். பழசு போட்டா மேட்டுல சாவு. புதுசு போட்டா வாசல்ல சாவு." சாவியை எடுத்து அவர் மடியில் போட்டாள். "வித்துடு தம்பி. நான் இனி ஓட்டல."

அவள் உள்ளே போனாள். பெருக்குகிற சத்தம் கேட்டது. பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்குகிறாள். நடந்த விபத்தைவிட அந்தச் சத்தம் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. மாமா என்னைப் பார்த்தார். அவருக்கும் அது கேட்டது.

வண்டி சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. தலையை மட்டும் வெளியே நீட்டிய மாதிரி, பாதி உள்ளே பாதி வெளியே. காய்கறி வண்டிக்காரர் வந்து நின்று, "ஏங்க, சந்தை வாங்கிட்டீங்களா? சொல்லவே இல்ல" என்றார். ஆட்டோமேட்டிக் சாவியோடு எழுந்தார். உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "அதைத் தொடாதே!" அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மாமாவின் முதுகுக்கு மேல்மாடி அம்மா மருந்து போட்டார். பிறகு மாமா, ராத்திரி முழுக்கத் தூங்காத மனிதர், படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்னத் தொடங்கினார். ரொட்டி வாய்க்குப் போகாமல் மூக்கில் இடித்தது. விடாமல் தின்றார். தின்று முடித்துவிட்டு, உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"என் செருப்பை எடுத்துக் குடு."

பெருக்குகிற சத்தம் நின்றது.

"சக்கரத்துக்குக் கீழ இருக்கு. நான் எப்படி நடக்கிறது?"

"மெக்கானிக் தம்பியை எடுத்துத் தரச் சொல்லுங்க."

"அவன் செருப்பா அது? மாட்டி விட்டது நீ, எடுத்துத் தர்றது அவனா?"

"வேற வாங்கிக்கலாம்."

"எனக்கு அதுதான் வேணும்."

அக்கா விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்தாள். அவளை அப்படி ஒரு கோபத்தில் நான் பார்த்ததில்லை. "உயிர் போயிருக்கும். உங்களுக்குச் செருப்பு கேக்குதா?"

"போகலையே. அதான் கேக்குது." அவர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு அதுல ஏறாம விட்டீன்னா நீ இனி ஏற மாட்டே. எனக்குத் தெரியும். உன்னை மறுபடி அந்தச் சுவரைப் பாத்துக்கிட்டு உக்கார விட்டுட்டு நான் ரொட்டி சுடப் போக முடியாது."

அக்கா வண்டியைப் பார்த்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, ஆட்டோமேட்டிக்கிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

"எங்க நிப்பீங்க?"

"நீ சொல்ற இடத்துல."

"மேல போங்க. மாடிக்குப் போங்க. எல்லாரும். தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க. தலை எனக்குத் தெரியணும். ஒருத்தர் குறைஞ்சாலும் நான் எடுக்க மாட்டேன்."

சந்தில் இருந்த அத்தனை பேரையும் மாடிப்படியில் ஏற்றினாள். காய்கறி வண்டிக்காரர், "என் தக்காளி கீழ இருக்கு" என்றார். "தக்காளி போனா தக்காளி வாங்கலாம், ஏறுங்க" என்று மேல்மாடி அம்மா அவரைத் தள்ளினார். எல்லோரும் கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் தலையை நீட்டினோம். அக்கா ஜன்னல் வழியாக எங்களை எண்ணினாள். உதடு அசைந்தது.

இஞ்சின் கிளம்பியது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். எனக்கு வலித்தது, சொல்லவில்லை. ரிவர்ஸ் கியர் விழும் சத்தம் கேட்டது. பிரேக்கை எடுத்திருப்பாள். வண்டி அசையவில்லை. அங்கே நின்றவர்களில் யாரும் மூச்சு விடவில்லை. ஆட்டோமேட்டிக் மட்டும், "தொட்டா போதும், தொட்டா போதும்" என்று தனக்குத் தானே முணுமுணுத்தார்.

சத்தம் ஒரு நூல் உயர்ந்தது. வண்டி பின்னால் போயிற்று, தூக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைப்பது போல. வழி காட்ட ஆள் இல்லை. வண்டியின் முன்மூலை இடது தூணில் உரசியது. செங்கல் ஒன்று விழுந்தது. அக்கா நிறுத்தவில்லை. இன்னொன்று விழுந்தது. தூண் மெல்லச் சாய்ந்து, கதவையும் இழுத்துக்கொண்டு தரையில் படுத்தது. அவள் வண்டியை முழுக்க உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, இறங்கி, விழுந்த செங்கல்லைத் தாண்டி நொண்டி நொண்டி வந்து, செருப்பைக் குனிந்து எடுத்தாள். அப்பளம் மாதிரி இருந்தது. அதை மாடியைப் பார்த்துத் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் மாமா கடப்பாரை வாங்கி வந்து இன்னொரு தூணையும் இடித்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டுக்குக் கதவு இல்லை. "திருடன் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார் மேல்மாடி அம்மா. "வாசல்ல லாரி நிக்குது. அதைத் தாண்டி உள்ள வர்றவன் எடுத்துட்டுப் போகட்டும்" என்றார் மாமா.

புதிய கன்வர்ட்டர் அப்படியே இருக்கிறது. தொட்டும் தொடாமலும் மிதிக்க அக்கா காலுக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆயிற்று. பஸ் டிரைவர் இப்போது பின்னாலிருந்து, "அக்கா, என்னையும் கட்டி இழுத்துட்டுப் போறது?" என்கிறார்.

மாமா வண்டிக்கு முன்னால் நிற்பதில்லை. யாரையும் நிற்க விடுவதில்லை. விடியும்போது வந்ததும் வண்டிக்குள் ஏறிக்கொள்கிறார், அந்தத் தட்டைச் செருப்போடு. நடுவில் நான், அந்தப் பக்கம் அவர். மேடு வரைக்கும் வந்து, தாண்டியதும் இறங்கி, ரோட்டோரமாகவே வீட்டுக்கு நடந்து போய்த் தூங்குகிறார். முகத்து மாவைப் பற்றிய சண்டை இப்போது என் மூக்குக்கு முன்னால் நடக்கிறது.

வாசலில் இஞ்சின் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது. அக்காவுக்கும்தான். அவள் காட்டிக்கொள்வதில்லை, ஆனால் கால் பெடலுக்குப் போகாது. என்னைத் திரும்பிப் பார்ப்பாள். இப்போது தலையை ஆட்டினால் போதாது.

"சொல்லு" என்பாள்.

"எல்லாரும் உள்ள இருக்கோம்."

"கேக்கல."

"எல்லாரும் உள்ள இருக்கோம்!"

மேல்மாடியில் ஜன்னல் திறக்கும். "விடிஞ்சும் விடியாம என்னடி கத்தல்!" என்று குரல் வரும். அதற்குப் பிறகுதான் அக்கா வண்டியை எடுக்கிறாள்.